பூங்காவுல பூட்டிக் கெடக்குற கட்டடத்த தீம் வச்ச இடமா மாத்தப் போறீங்களா? மொதல்ல தண்ணிய பாருங்க

கொஞ்சம் பழைய பூங்கா எதுக்குள்ள போனாலும் ஒரு ஓரமா இப்படி ஒரு கட்டடம் நிக்கும். எப்பவோ ஓடின பம்ப் ரூமா இருக்கும், டிக்கெட் குடுத்த ரூமா இருக்கும், இல்ல தோட்ட சாமான் போட்டு வச்ச கொட்டகையா இருக்கும். பூட்டு துருப்பிடிச்சு, ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு, கூரையில ஒரு செடி தைரியமா வளந்து நிக்கும். இத ஏதாவது பண்ணலாமேன்னு நாலு பேரு கெளம்புவாங்க, மொத மீட்டிங்லயே தீம் என்னன்னு சண்டை வந்துடும். ஒருத்தருக்கு காடு வேணும், ஒருத்தருக்கு விண்வெளி வேணும், இன்னொருத்தருக்கு போர்டு கேம்ஸ் ரூம் வேணும்.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். காடுன்னு முடிவாச்சு, சுவர் பூரா மரம் கொடி குரங்குன்னு ரெண்டு வாரம் ஒக்காந்து வரைஞ்சோம், பாக்குறவங்க எல்லாம் ஆஹான்னாங்க. மூணாவது மாசம் குரங்கோட வாலு உப்பிக்கிட்டு வந்துச்சு, அப்புறம் வாலு உதிர்ந்துச்சு, அப்புறம் கொரங்கே போச்சு. பெயிண்ட்லயும் தப்பில்ல, வரைஞ்சவங்க மேலயும் தப்பில்ல, சுவருக்குள்ள தண்ணி இருந்துச்சு, அத யாரும் பாக்கல, நான் உட்பட. சுவர் இருந்தாதான் சித்திரம்னு சின்ன வயசுலேந்து கேட்டுட்டு தான் வரோம், ஆனா சுவர் *காஞ்சு* இருக்கணும்ங்கிறத யாரும் சொல்லல. அதனால இந்த கட்டுரையில தீம் பத்தி பேச்சு பாதிக்கு மேல தாண்டித்தான் வரும், கோச்சுக்காதீங்க.

சாவி வாங்குறதுக்கு முன்னாடி

இது போரடிக்கிற பகுதி, சட்டுனு சொல்லிடறேன். கட்டடம் யாரு பேர்ல இருக்கு, எத்தன வருஷத்துக்கு உங்களுக்கு குடுக்குறாங்க, கரண்ட் பில் யாரு கட்டுறது, யாராவது விழுந்து அடிபட்டா பொறுப்பு யாரோடது, இது நாலும் எழுத்துல வேணும். வாய் வார்த்தைய நம்பி ஒரு செங்கல் கூட நகத்தாதீங்க. கட்டடம் ரொம்ப பழசா இருந்தா பாதுகாக்கப்பட்ட லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க, இருந்துச்சுன்னா ஜன்னல் மாத்துறதுக்கு கூட அனுமதி தேவைப்படலாம். ஸ்டோர் ரூமா இருந்தத ஜனங்க கூடுற இடமா மாத்துறீங்கன்னா பல ஊர்கள்ல அது தனி அனுமதி, தீயணைப்பு விதியும் வேற. இதோட இன்னொரு கேள்வி, எல்லாரும் மறக்குறது: தெனம் கதவ தெறந்து மூடப் போறது யாரு? இதுக்கு பேரு சொல்ல ஒரு ஆள் இல்லேன்னா திட்டத்த அங்கயே நிறுத்திடலாம், சீரியஸா சொல்றேன்.

சும்மா போய் ஒக்காருங்க

டேப் எடுத்துட்டு அளக்க ஓடாதீங்க. மொதல்ல ஒரு நாற்காலிய தூக்கிட்டு போய் காலையில ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம், இருட்டுற நேரத்துல ஒரு மணி நேரம் உள்ள ஒக்காருங்க. வெயில் எந்த ஜன்னல் வழியா வருது, காத்து எங்கேந்து வருது, வெளிய விளையாடுற சத்தம் எவ்ளோ கேக்குது, எந்த மூலையில நாத்தம், இதெல்லாம் ஒடம்புக்கு தெரிஞ்சுடும். அப்புறம் கட்டாயமா ஒரு பெரிய மழை பெய்யும்போது, அதுவும் முடியாட்டி மழை விட்ட ஒடனே போங்க. கட்டடம் உண்மை பேசுற நேரம் அது ஒண்ணுதான்.

கட்டடத்து திண்ணையில ஏற்கனவே யாராவது இருக்காங்களான்னும் பாருங்க. மத்தியானம் படுத்து தூங்குறவங்க, மழைக்கு ஒதுங்குறவங்க, சீட்டாட வர்றவங்க. உங்களுக்கு காலியா தெரியுற இடம் அவங்களுக்கு காலி இல்ல, அவங்களையும் கேட்டு சேத்துக்கிட்டீங்கன்னா பின்னாடி காவலுக்கு அவங்கதான் ஆளு.

அப்புறம் அளவு. எத்தன பேர் உள்ள ஒக்காரலாம்னு ஆசைப்பட்டு சொல்லாதீங்க, கணக்கு போடுங்க. மேசை நாற்காலி போட்ட ரூமுக்கு ஒரு ஆளுக்கு 1.4 சதுர மீட்டர்னு கட்டட விதிகள்ல ஒரு கணக்கு பரவலா இருக்கு. 12 மீட்டர் நீளம் 5 மீட்டர் அகலம்னா 60 சதுர மீட்டர், அலமாரி கவுண்டர்னு 10 போச்சு, மிச்சம் 50, அப்ப சுமாரா 35 பேரு. அம்பது பேருக்கு மேல போனா நெறைய எடத்துல ரெண்டாவது வாசல் கேப்பாங்க, கதவும் வெளிப்பக்கமா தெறக்கணும்பாங்க. அதனால இந்த நம்பர் உங்க மொத்த திட்டத்தையும் தீர்மானிக்கும்.

தண்ணி, தண்ணி, தண்ணி

சுவர்ல ஈரம்னா எல்லாரும் ஒரே வார்த்தையில ஓதம்னு சொல்லிடுவாங்க, ஆனா அது மூணு வழியா வரும், மூணுக்கும் வைத்தியம் வேற வேற. மேலேந்து வர்றது, கீழேந்து ஏறுறது, காத்துலேந்து படியுறது.

மேலேந்து வர்றத கண்டுபிடிக்கிறது ஈஸி, மழை பெஞ்சா கறை பெருசாகும், காஞ்சா மஞ்ச வளையம் நிக்கும். மொட்டை மாடியா இருந்தா மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு ஏறிப் பாருங்க, அப்பவும் தண்ணி குட்டையா நின்னா வாட்டம், அதாவது தண்ணி ஓட வேண்டிய சரிவு, சரியில்லன்னு அர்த்தம். மேல என்ன கெமிக்கல் பூசினாலும் வாட்டத்த சரி பண்ணாம அது நிக்காது. பூங்காவுல முக்காவாசி நேரம் காரணம் ரொம்ப சாதாரணமா இருக்கும், எலை விழுந்து தண்ணி போற குழாய் அடைச்சிருக்கும். பத்து வருஷமா யாரும் மேல ஏறல, அவ்ளோதான். ஒரு கரண்டியும் ஒரு சாக்குப் பையும் எடுத்துட்டு போய் குப்பைய அள்ளி பாத்துட்டு, அப்புறமா காண்ட்ராக்டர கூப்பிடுங்க. சுவர்ல மொளச்ச செடிய வெடுக்குன்னு புடுங்காதீங்க, வேரு உள்ள காரையோட பின்னிக்கிட்டு இருக்கும், புடுங்கினா கல்லோட வரும். வெட்டி, வேர சாகடிச்சு, காஞ்ச பின்னாடி எடுத்து அந்த ஓட்டைய அடைங்க.

கீழேந்து ஏறுற ஈரம் பெரும்பாலும் தரையிலேந்து ஒரு மீட்டருக்குள்ள நிக்கும், மேல்பக்கம் அலை மாதிரி ஒரு கோடு, அதுல வெள்ளையா உப்பு பூத்திருக்கும். இதுக்கு பூங்கா கட்டடத்துல ஒரு தனி காரணம் உண்டு. வருஷா வருஷம் செடிக்கு மண்ணு, எரு, சருகுன்னு கொட்டிக் கொட்டி வெளித்தரை ஒசந்துட்டே போகும், கட்டும்போது ஒரு அடி கீழ இருந்த மண்ணு இப்ப உள்தரைக்கு மேல நிக்கும். சுவர ஒட்டி பூப்பாத்தி வேற, அதுக்கு தெனம் ரெண்டு வேளை தண்ணி வேற. வெளி மண்ண உள்தரைக்கு 15 செமீ கீழயாவது எறக்கி, பாத்திய தள்ளி வச்சு, சுவரோரம் ஜல்லி போட்டு தண்ணிய வெளிப்பக்கமா ஓட விட்டாலே பாதி ஓதம் நிக்கும். காசே இல்லாத வேலை, மண்வெட்டி இருந்தா போதும்.

காத்துலேந்து படியுறதா இல்லையான்னு சந்தேகம் வந்தா சுவர்ல ஒரு அலுமினிய ஃபாயில் துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிட்டு மறுநாள் பாருங்க. ஃபாயிலோட வெளிப்பக்கம் ஈரம்னா ரூம்ல காத்தோட்டம் இல்ல, சுவர் பக்கம் ஈரம்னா தண்ணி சுவருக்குள்ளேந்து வருது. தரைக்கு இதே மாதிரி 45 செமீ சதுர பிளாஸ்டிக் ஷீட், ராத்திரி பூரா, குறைஞ்சது 16 மணி நேரம். அடியில முத்து முத்தா தண்ணி நின்னா அந்த தரை மேல மரப்பலகையோ கார்ப்பெட்டோ நெனச்சுக் கூட பாக்காதீங்க.

எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க, இப்ப சுவர் காயணும். இங்கதான் எல்லாரும் அவசரப்படுறது. நனஞ்ச கெட்டி சுவர் காய தோராயமா ஒரு இஞ்சு தடிமனுக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு, ரெண்டு பக்கமும் காத்து பட்டா சீக்கிரம் ஆகும். அதனால தண்ணி வேலைய மொத மாசமே முடிச்சு ஜன்னல தெறந்து விட்டுட்டு மத்த வேலைய பாருங்க, வரையிறத கடைசிக்கு தள்ளுங்க. புதுசா சிமெண்ட் பூசின சுவருக்கும் ஒரு வாரமாவது தண்ணி ஊத்தி ஆத்தணும், நாலு வாரம் காய விடணும், அப்புறம்தான் பெயிண்ட்.

ஒரு முக்கியமான விஷயம், பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில கட்டினதா இருந்தா (ஆணியால சுரண்டினா வெள்ளையா பொடியா கொட்டும்) அது மேல சிமெண்ட் பூச விடாதீங்க. கொத்தனார் "சார் கல்லு மாதிரி நிக்கும்"னு சொல்லுவாரு, நிக்கும்தான், ஆனா உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழியில்லாம சுவருக்குள்ளயே சுத்தி கடைசில பூச்ச தள்ளிடும், சில சமயம் செங்கல்லையும் சேத்து அரிச்சுடும். சுண்ணாம்புக்கு சுண்ணாம்புதான்.

விரிசல், துரு, அப்புறம் தொடக்கூடாத சாமான்கள்

விரிசல பாத்ததும் பயப்படவும் வேணாம், புட்டி வச்சு மறைக்கவும் வேணாம். விரிசல் முடியுற எடத்துல பென்சிலால குறுக்க ஒரு கோடு, பக்கத்துல தேதி. அகலமான எடத்துல எத்தன மிமீன்னும் எழுதிடுங்க. ரெண்டு மூணு மாசம் ஆகியும் கோட்ட தாண்டலேன்னா அது பழைய காயம். தாண்டுச்சுன்னா, அதுலயும் ஜன்னல் மூலையிலேந்து சாய்வா ஓடுதுன்னா அஸ்திவாரம் எறங்கிட்டு இருக்கலாம், இன்ஜினியர் வரணும், இதுல தைரியம் காட்டாதீங்க.

கான்கிரீட் கூரைய அடியிலேந்து சின்ன சுத்தியலால தட்டிட்டே போங்க. டங்குன்னு கேட்டா சரி, டொக்குன்னு பொத்தலா கேட்டா உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு. துரு இரும்ப விட பல மடங்கு எடத்த அடைச்சுக்கும், அதனாலதான் கான்கிரீட்ட பிளந்துட்டு பாளம் பாளமா விழுது. தட்டும்போது தலைக்கு ஹெல்மெட் போடுங்க, நேரா அடியில நிக்காதீங்க. கீழ கொழந்தைங்க விளையாடப் போற எடம், ஒரு டொக்கு கூட விட்டு வைக்கக்கூடாது.

சிமெண்ட் ஷீட் கூரையா? ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். ஒடைக்காதீங்க, ஓட்டை போடாதீங்க, ஒடஞ்ச துண்ட வெளக்குமாத்தால கூட்டாதீங்க, அந்த தூசிதான் நுரையீரலுக்கு எமன். லைசென்ஸ் உள்ள ஆளுங்கதான் கழட்டணும். பழைய கதவு ஜன்னல் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அத வறட்டு உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, டெஸ்ட் பண்ணிட்டு தொடுங்க. கூரைக்குள்ள வௌவால், பறவைக் கூடு இருந்தா பல நாடுகள்ல சட்டப்படியே கலைக்கக்கூடாது, பறவைக் கூடுன்னா குஞ்சு பறந்த பின்னாடி வேலைய வச்சுக்கோங்க. ரொம்ப நாள் ஓடாம கெடந்த தண்ணி லைன்ல லெஜியோனெல்லாங்கிற, மூச்சு வழியா நுரையீரலுக்கு போற கிருமி வளரும், 20லேந்து 45 டிகிரி வரைக்கும் அதுக்கு சொகம். அதனால தொட்டிய கழுவி, லைன மெதுவா, தண்ணி தெறிச்சு புகையாகாத மாதிரி தெறந்து விட்டு நல்லா ஓட விடுங்க, மொத நாளே ஷவரையோ ஃபவுண்டனையோ போட்டு பாக்காதீங்க. கழிப்பறை நாத்தத்துக்கு பாதி நேரம் காரணம் சின்னது, பயன்படுத்தாம வளைவு குழாய்ல நின்ன தண்ணி வத்தியிருக்கும், ரெண்டு பக்கெட் ஊத்தினா நாத்தம் நின்னுடும். ஊத்தியும் நிக்கலேன்னா குழாய் ஒடஞ்சிருக்கலாம்.

மரம் உங்களுக்கு முன்னாடியே அங்க இருக்கு

கரண்ட் கேபிளும் புது தண்ணிக் குழாயும் கட்டடத்துக்கு வரணும், அதுக்கு தோண்டணும், பூங்காவுல தோண்டினா வேர் வரும். மரத்தோட வேர் பெரும்பாலும் மேல் ரெண்டடி மண்ணுக்குள்ளதான் பரவிக் கெடக்கும், ஆழமா போறதுன்னு நெனக்கிறது தப்பு. பாதுகாக்க ஒரு கணக்கு இருக்கு: மார்பு ஒசரத்துல, அதாவது 1.5 மீட்டர்ல அடிமரத்தோட குறுக்களவ எடுங்க, அத 12ஆல பெருக்குங்க, அந்த தூரத்துக்குள்ள தோண்டாதீங்க. அரை மீட்டர் தடிமன் மரம்னா சுத்தி 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள்ள மணல் ஜல்லி குவிக்கிறதும் லாரி நிறுத்துறதும் கூட வேர நசுக்கும். சிமெண்ட் கலவை கழுவின தண்ணிய மரத்தடியில ஊத்துறவங்கள நானே கையும் களவுமா புடிச்சிருக்கேன். வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே கயிறு கட்டி தடுத்துடுங்க, வாயால சொன்னா மதிய நேரத்துக்குள்ள மறந்துடுவாங்க.

கரண்டும் வாசலும்

பழைய வயரிங்க காப்பாத்த பாக்காதீங்க, மொத்தமா உருவிட்டு புதுசு போடுங்க. எர்த்திங் புதுசு, 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுற ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்குற சுவிட்ச்) கட்டாயம், ஈரமான பூங்காவுல இது உயிர் சமாச்சாரம். சுவிட்ச் பாயிண்ட் இப்ப நெனக்கிறத விட ஒரு மடங்கு கூட விடுங்க, தீம் எப்படியும் மாறும்.

வாசல்ல படி மட்டும் இருந்தா சாய்வு தளம் வேணும், 12க்கு 1 சாய்வு. தரை 45 செமீ ஒசரம்னா சாய்வுக்கு மட்டும் 5.4 மீட்டர், மேலயும் கீழயும் வண்டி திரும்ப ஒன்றரை மீட்டர் சேத்தா 8 மீட்டர தாண்டிடும். பேப்பர்ல ஒரு சின்ன முக்கோணம் போட்டுட்டு கடைசில எடம் பத்தலன்னு செங்குத்தா கட்டி வைக்கிறாங்க, அதுல சக்கர நாற்காலியும் ஏறாது, கொழந்தைய தள்ளிட்டு வர்ற வண்டியும் ஏறாது, மழையில சறுக்கு மரம்தான். கதவு தெறந்தா 90 செமீ வழி கெடைக்கணும்.

இப்ப தீம்

வந்துட்டோம். என் கருத்து ஒண்ணுதான், தீம வெளியிலேந்து கொண்டு வந்து ஒட்டாதீங்க, கட்டடத்துக்கிட்ட கேளுங்க. அமெரிக்காவுல சியாட்டில்ல கேஸ் ஒர்க்ஸ் பார்க்னு ஒண்ணு இருக்கு, நிலக்கரியிலேந்து கேஸ் எடுத்த பழைய ஆலை. ரிச்சர்ட் ஹாக்னு ஒரு வடிவமைப்பாளர், எல்லாத்தையும் இடிச்சு தள்ளிட்டு புல்லு போடுங்கன்னு சொன்னவங்களோட மல்லுக்கு நின்னு ஆலைய காப்பாத்தினாரு, 1975ல பூங்காவா தெறந்தாங்க. பாய்லர் இருந்த கட்டடம் ஒக்காந்து சாப்பிடுற எடமாச்சு, கம்ப்ரெஸர் மெஷின் இருந்த கொட்டகை கொழந்தைங்க விளையாடுற எடமாச்சு. மெஷின தூக்கி வெளிய போடல, பளிச்சுனு கலர் அடிச்சு அங்கயே விட்டாங்க! தீமுக்கு தனியா ஒரு பொம்மை கூட வாங்க வேண்டியிருக்கல பாருங்க. லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸ்ல 1805ல கட்டின வெடிமருந்து கிடங்கு ஒண்ணு, 2013ல கலைக்கூடமா தெறந்தாங்க, ஜாஹா ஹாதித்ங்கிற கட்டடக் கலைஞர் அதுக்கு பக்கத்துல வெள்ளையா வளைஞ்சு நெளிஞ்ச புது கூரை ஒண்ண சேத்தாங்க, ஆனா உள்ள மருந்து வச்ச அந்த செங்கல் அறைகள் அப்படியே தெரியும்.

உங்க கட்டடம் அவ்ளோ பெருசா இல்லாம போகட்டும், கேள்வி அதேதான். பம்ப் ரூமா? தண்ணி தீம், பழைய வால்வ கழட்டாம சுத்தி வெளயாடுற மாதிரி விடுங்க. டிக்கெட் ரூமா? அந்த சின்ன ஜன்னல் வழியாவே போர்டு கேம் வாடகைக்கு குடுங்க. செடி வளத்த கண்ணாடி ரூமா? அத போய் இருட்டாக்கி விண்வெளி ஆக்காதீங்க, அதுக்கு செடியும் படிக்கிற நாற்காலியும் போதும். ஒரு தீம சோதிக்க ஒரு வழி: போர்டு எதுவும் மாட்டாம உள்ள வந்த ஒரு ஆளு இது என்னன்னு சொல்லிடணும், சொல்ல முடியலேன்னா நீங்க சாமான் அதிகமா வச்சிருக்கீங்க.

ரெண்டாவது, தீம் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும். நேரா சுவர்ல வரையாம, சுவர விட்டு ரெண்டு மூணு செமீ தள்ளி சட்டம் அடிச்சு அதுல பலகை மாட்டி பலகையில வரைங்க. பின்னாடி காத்து போகும், சுவர் மூச்சு விடும், நாளைக்கு தீம் சலிச்சா பலகைய மட்டும் மாத்தலாம். குரங்கு பாடம் இது.

மூணாவது, தீ. தீம் போடுற ஆசையில தெர்மோகோல் பாறை, பிளாஸ்டிக் எலை, நைலான் வலைன்னு கூரை பூரா தொங்க விடுவாங்க, இதெல்லாம் சடசடன்னு பிடிக்கும், தெர்மோகோல் உருகி எரிஞ்சுக்கிட்டே சொட்டும், கரும்புகையில வாசல் தெரியாது. மரம், மண்ணு, தகரம், தீத்தடுப்பு பூசின துணி, இதுல செய்ய முடியாத தீம்ன்னு ஒண்ணு இல்ல. வெளிய போற வழி போர்ட தீமுக்காக மறைக்கிறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல.

சத்தத்த யாரும் யோசிக்க மாட்டாங்க. காலி ரூம் நடுவுல நின்னு ஒரு தட்டு கை தட்டுங்க, கணகணன்னு எதிரொலி நீண்டுச்சுன்னா முப்பது பேரு சேர்ந்தா சந்தைதான், யாரும் அரை மணி நேரம் இருக்க மாட்டாங்க. சத்தத்த உறிஞ்சுற பலகைய கூரையில மாட்டுங்க, சுவர்ல மாட்டினா கையால பிச்சுடுவாங்க. வெளக்கு, படிக்கவும் விளையாடவும் மேசை மேல 300 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு), மஞ்ச சாயல்ல 2700லேந்து 3000 கெல்வின் (வெளிச்சத்தோட நிற அளவு). வெளி வெளக்குக்கும் மஞ்சதான், நீல வெள்ளைய விட பூச்சி கொறச்சலா மொய்க்கும். பெரிய கண்ணாடி வைக்கிறீங்கன்னா டஃபன் பண்ணதா, அதாவது ஒடஞ்சாலும் கூரா தெறிக்காத வகையா இருக்கட்டும், வெளிப்பக்கம் 5 செமீக்கு ஒண்ணா புள்ளி ஒட்டுங்க, இல்லேன்னா பறவை வானம்னு நெனச்சு வந்து மோதி செத்துடும். ஒத்தை கழுகு ஸ்டிக்கர் ஒட்டுறது பிரயோஜனம் இல்ல, பறவை அதுக்கு பக்கத்துல போய் மோதும்.

காசு, அப்புறம் தெறந்த பின்னாடி

பழைய கட்டடம் கட்டாயம் ஒரு அதிர்ச்சி குடுக்கும், போட்ட பட்ஜெட்ல அஞ்சுல ஒரு பங்க தொடாம தனியா வைங்க. கூரை, சுவர், கரண்ட், கழிப்பறை முடியுற வரைக்கும் தீம் சாமான் ஒண்ணும் வாங்காதீங்க, ஆஃபர்ல கெடச்சாலும் சரி, வாங்கி வச்சீங்கன்னா அத வைக்கிறதுக்காகவே அவசரப்படுவீங்க.

பெரிய தெறப்பு விழா வேணாம். ரெண்டு வாரம் சும்மா வாரக்கடைசி மட்டும் தெறந்து வைங்க, மேசைய சக்கரத்துல வைங்க, ஜனங்க எங்க இழுத்துட்டு போறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் நிரந்தரமா போடுங்க. எங்க ரூம்ல நாங்க நடுவுல வச்ச அழகான வட்ட மேசைய யாரும் சீண்டல, எல்லாரும் ஜன்னல் திட்டுலதான் ஒக்காந்தாங்க, கடைசில அந்த திட்டுக்கு மெத்தை தச்சுப் போட்டோம்.

கூரைக் குழாய்ல எலை அள்ள மாசம் ஒரு நாள் யாரு ஏறுறதுன்னு பேரு எழுதி கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. தெறந்த பின்னாடி வர்ற மொத பெரிய மழைக்கு ஒரு டார்ச் எடுத்துட்டு போய் பலகைக்கு பின்னாடி அடிச்சுப் பாருங்க, அப்படியே அந்த பென்சில் கோட்டையும் பாத்துட்டு பக்கத்துல புது தேதிய எழுதிட்டு வாங்க.